எழுத மறுக்கும் சர்வர்

இணையத்தில் வைத்திருந்த தன் சுயவிவரப் பக்கத்தை யார் யார் பார்க்கிறார்கள் என்று அறிய, ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994இல் சி மொழியில் சில சிறு நிரல்களை எழுதினார். அடுத்த ஆண்டு ஜூனில் அவற்றைப் பொதுவெளியில் விட்டார். பி.எச்.பி. மொழி பிறந்தது அப்படித்தான். அந்தக் காலத்து இணையப் பக்கங்கள் பலவற்றின் அடியில் ‘நீங்கள் இத்தனையாவது பார்வையாளர்’ என்று ஓர் எண் இருக்கும். இந்த வருகை எண்ணிக்கான எளிய ஸ்கிரிப்ட்டுக்கு மூன்றே வேலை: ஒரு ஃபைலைத் திறக்க வேண்டும், அதிலுள்ள எண்ணைப் படிக்க வேண்டும், ஒன்றைக் கூட்டி மறுபடி எழுத வேண்டும்.

வெப் சர்வரில் ஓடும் ஸ்கிரிப்ட்டுகள் இன்றும் தடுமாறுவது இந்த மூன்றில்தான். விண்ணப்பப் படிவம், புகைப்படம் ஏற்றும் பக்கம், கட்டண ரசீது என வெளித்தோற்றம் மாறியிருக்கிறது. உள்ளே நடப்பது அதே படிப்பும் எழுத்தும்தான். சொந்தக் கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட், சர்வருக்குப் போனதும் எழுத மறுக்கும். அதற்கான காரணங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை.

யார் எழுதுகிறார்கள்?

உங்கள் கம்ப்யூட்டரில் ஸ்கிரிப்ட்டை ஓட்டுபவர் நீங்கள். சர்வரில் அதை ஓட்டுவது பெரும்பாலும் வெப் சர்வருக்கென்றே உருவாக்கிய, அதிகாரம் குறைந்த ஒரு கணக்கு. உபுண்டுவில் அதன் பெயர் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’. ரெட் ஹேட் வகை லினக்ஸில் ‘அப்பாச்சி’. நீங்கள் ஏற்றிய ஃபைல் உங்கள் உடைமை. அந்தக் கணக்குக்கு அது பிறர் உடைமை.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று தரப்பினருக்குத் தனித்தனி அனுமதி உண்டு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. இவற்றைக் கூட்டிய மூன்று இலக்கங்கள்தாம் அனுமதி எண். 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். மற்ற இரு தரப்பும் படிக்க மட்டுமே முடியும். எண்ணி ஃபைலைச் சர்வர் படித்துக் காட்டுவதும், எழுதப் போகும்போது ‘பெர்மிஷன் டினைடு’ என்று நிற்பதும் இதனால்தான்.

ஃபோல்டருக்கு இந்த எண்களின் பொருள் வேறு. அங்கே 1 என்பது உள்ளே நுழைந்து கடந்து செல்லும் உரிமை. ஃபைலுக்குத் தாராளமாக அனுமதி கொடுத்திருந்தாலும், வழியிலுள்ள ஏதாவது ஒரு ஃபோல்டர் அந்த உரிமையைத் தரவில்லையென்றால் ஃபைல் திறக்காது. புதிய ஃபைலை உருவாக்க, ஃபோல்டரிலேயே எழுதும் உரிமை வேண்டும்.

அவசரத்தில் பலர் 777 என்று போட்டுவிடுகிறார்கள். பிழை மறைந்துவிடும், ஆபத்து தங்கிவிடும். ஒரே சர்வரைப் பலர் பகிரும் இடத்தில், ஃபைலை எட்ட முடிந்த எந்தக் கணக்கும் அதை மாற்றி எழுதலாம். எழுத வேண்டிய ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் சர்வர் கணக்கின் பொறுப்பில் விடுவதே சரி. அந்த ஃபோல்டர், உலாவியில் முகவரி தட்டினால் எட்டாத இடத்தில் இருப்பது இன்னும் நல்லது.

எல்லா எண்ணும் சரியாக இருந்தும் கதவு திறக்கவில்லையா? அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000இல் வெளியிட்ட ‘எஸ்இலினக்ஸ்’ காவல் அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். அது ஃபைலின் அனுமதி எண்ணுக்கும் மேலாக, அதன்மேல் ஒட்டிய அடையாளச் சீட்டையும் பார்க்கும். காவலை அணைத்துவிடாதீர்கள், சீட்டைத் திருத்துங்கள்.

எந்த இடத்திலிருந்து?

வெறும் ஃபைல் பெயரை மட்டும் எழுதினால், ஸ்கிரிப்ட் அப்போது நிற்கும் ஃபோல்டரில்தான் கம்ப்யூட்டர் அதைத் தேடும். உலாவி வழியாக ஓடும்போது அது நிற்கும் இடம் ஒன்று. குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் ‘கிரான்’, இரவு வேலையாக அதையே ஓட்டும்போது நிற்கும் இடம் வேறு. பகலில் கிடைத்த ஃபைல் இரவில் ‘இல்லை’ என்று வரும். முழுப் பாதையையும் எழுதினால் இந்தச் சிக்கல் எழாது. ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொதுவாகக் கண்டுகொள்ளாது. லினக்ஸ் இரண்டையும் வெவ்வேறு ஃபைலாகவே கருதும்.

ஒரே நேரத்தில் எத்தனை பேர்?

எண்ணி ஃபைலில் 500 இருக்கிறது. இரண்டு பார்வையாளர்கள் ஒரே நொடியில் வருகிறார்கள். இருவருக்காகவும் ஓடும் ஸ்கிரிப்ட்டுகள் 500 என்று படித்து, 501 என்று எழுதுகின்றன. ஒரு வருகை கணக்கில் காணாமல் போனது.

இதைவிட மோசமானது இன்னொன்று. எழுதுவதற்கென்று சாதாரணமாகத் திறந்த கணமே ஃபைல் காலியாகிவிடும். புதிய எண் எழுதப்படுவதற்குள் இன்னொரு ஸ்கிரிப்ட் வந்து படித்தால் அதற்குக் கிடைப்பது வெறுமை. வெறுமையைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு 1 என்று எழுதிவிடும். பல்லாயிரம் வருகைகளைக் காட்டிய எண்ணி திடீரென்று ஒன்றிலிருந்து தொடங்குவதற்கு இது போதும். இப்படித் திறந்த பிறகு பூட்டுவதில் பயனில்லை, அதற்குள் ஃபைல் அழிந்திருக்கும். அழிக்காமல் திறந்து, பூட்டி, படித்து, கூட்டி, எழுதிவிட்டுப் பூட்டைத் திறக்க வேண்டும். அந்த ஃபைலைத் தொடும் எல்லா ஸ்கிரிப்ட்டுகளும் இதே முறையைப் பின்பற்றினால்தான் பூட்டுக்கு மதிப்பு.

டிஸ்க் நிரம்பியிருக்கும்போதும் இதே அழிவு நேரும். திறந்ததும் பழையது போகும், புதியதை எழுத இடம் இருக்காது, பூஜ்யம் பைட் அளவில் ஒரு ஃபைல் மிஞ்சும். எனவே மொத்தமாக மாற்றி எழுதும் ஃபைலை அதே ஃபோல்டரில் தற்காலிகப் பெயரில் எழுதுங்கள். முழுதாக எழுதியாயிற்று என்று உறுதியான பிறகு பழைய பெயருக்கு மாற்றுங்கள். லினக்ஸில் பெயர் மாற்றம் பிளவுபடாத ஒரே செயல். படிப்பவருக்குப் பழைய ஃபைல் கிடைக்கும், அல்லது புதியது கிடைக்கும். பாதி ஃபைல் கிடைக்காது. எழுதுவோர் பெருகினால் 2000இல் வெளிவந்த எஸ்கியூலைட் போன்ற ஒரு தரவுத்தளத்துக்கு மாறுவது நல்லது.

தமிழ் எழுத்தும் பைட்டும்

யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். புள்ளியும் துணையெழுத்தும் தனிக் குறியீடுகள். ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு 5 குறியீடு, 15 பைட். ஃபைலை 1,024 பைட் துண்டுகளாகப் படித்துத் தனித்தனியே கையாண்டால் வெட்டு ஓர் எழுத்தின் நடுவில் விழக்கூடும். அந்த இடத்தில் கேள்விக்குறி முளைக்கும். லினக்ஸ் ஃபைல் அமைப்புகள் பெரும்பாலானவற்றில் ஒரு ஃபைலின் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. அதாவது தமிழில் 85 குறியீடுதான். விண்டோஸில் 255 குறியீடு வரை தமிழில் பெயர் வைக்கலாம் என்பதால், அங்கே நன்றாக இருந்த ஃபைலை லினக்ஸ் சர்வர் ஏற்க மறுக்கக்கூடும். ஏற்றப்படும் ஃபைலுக்குச் சர்வரே குறுகிய பெயர் சூட்டி, மூலப் பெயரைத் தனியே குறித்துவைப்பது நல்ல வழக்கம்.

சர்வர் சொல்வதைக் கேளுங்கள்

ஒவ்வொரு தோல்விக்கும் இயங்குதளம் காரணத்தைச் சொல்கிறது. லினக்ஸில் பிழை எண் 2 என்றால் அந்தப் பெயரில் ஃபைல் இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை, 28 என்றால் இடம் இல்லை, 36 என்றால் பெயர் நீளம். சர்வரின் எரர் லாக் ஃபைலில் பெரும்பாலும் இந்தக் காரணம் நேரத்தோடு பதிவாகியிருக்கும். எண் 28 வந்தும் டிஸ்க்கில் இடம் இருப்பதாகத் தெரிந்தால், ஃபைல்களின் எண்ணிக்கைக்கான ‘ஐநோடு’ வரம்பு தீர்ந்திருக்கலாம். வெப் சர்வரின் கணக்காக மாறி, அதே ஃபைலை நீங்களே திறந்து பாருங்கள். ‘நேம்-ஐ’ என்ற கட்டளை, பாதையில் எந்தப் படியில் அனுமதி நின்றுபோகிறது என்பதை வரிசையாகக் காட்டும்.

பெரிய கேடு பிழையால் வருவதல்ல, பிழையைக் கேட்காமல் விடுவதால் வருவது. பி.எச்.பி.யில் ஃபைல் எழுதும் கட்டளை தோற்றால் ‘பொய்’ என்ற மதிப்பைத் திருப்பித் தரும். அதைப் பார்க்காத ஸ்கிரிப்ட் அடுத்த வரிக்குப் போய், ‘உங்கள் விண்ணப்பம் பதிவாகிவிட்டது’ என்று திரையில் காட்டும். கல்லூரிக்கு விண்ணப்பித்த மாணவர் அதை நம்பி வீட்டுக்குப் போவார். கடைசித் தேதி கடந்த பிறகு அவருடைய பெயர் எங்கும் இருக்காது.

ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘பதிவாகிவிட்டது’ என்ற வரிக்கு முன்னால், உண்மையிலேயே எழுதப்பட்டதா என்று சோதிக்கும் ஒரு வரியைச் சேருங்கள். எழுதப்படவில்லையென்றால் அதைப் பயனரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் மறுபடி முயல்வதற்கு அந்த ஒரு வரி போதும்.