செகண்ட்ஸ் காரின் ஜாதகம்

ஒவ்வொரு குடும்பத்திலும் ‘வண்டி விஷயம் தெரிந்தவர்’ என்று ஒருவர் இருப்பார். அவர் மெக்கானிக்காக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பழைய காரை ஏழெட்டு வருஷம் சிக்கலில்லாமல் ஓட்டியிருந்தாலே அந்தப் பட்டம் வந்து ஒட்டிக்கொள்ளும். சொந்தத்தில் யார் கார் வாங்கினாலும் முதல் போன் அவருக்குத்தான். “மாமா, ஒரு செகண்ட்ஸ் வண்டி பாத்து வெச்சிருக்கோம். ஞாயித்துக்கெழம வந்து ஒரு பார்வ பாத்துச் சொல்லிருங்க.”

ஞாயிற்றுக்கிழமை போனால், வாட்டர் சர்வீஸ் முடித்து, டயருக்குப் பாலிஷ் போட்டு, வண்டி பளபளவென்று நிற்கும். “சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி, நாப்பதாயிரம்தான் ஓடியிருக்கு” என்பார் புரோக்கர். வாங்க வந்தவர் மைலேஜ் எவ்வளவு என்பார், ஏ.சி.யைப் போட்டுப் பார்ப்பார், பாட்டு கேட்டுப் பார்ப்பார். பெரிய செலவு வைக்கக்கூடிய இன்ஜின் பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. அதைப் பற்றி மட்டும் பேச்சே எழாது.

அங்கே என்ன நடக்கிறது? நெடுஞ்சாலையில் ஆர்.பி.எம். முள் 3,000-இல் நிற்கும்போது ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 50 முறை மேலே போய்க் கீழே வருகிறது. ஜெர்மனியின் நிக்கோலஸ் ஓட்டோ 1876-இல் உருவாக்கிய நான்கு வீச்சு முறைதான் இன்றைக்கும். காற்றும் எரிபொருளும் உள்ளே வர ஒரு வீச்சு, அதை அமுக்க ஒன்று, எரிந்து பிஸ்டனைத் தள்ள ஒன்று, புகையை வெளியேற்ற ஒன்று. நான்கு சிலிண்டர் இன்ஜின் என்றால் நொடிக்கு 100 முறை உள்ளே நெருப்பு பற்றுகிறது. அந்த நெருப்பின் உச்ச வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிஸ்டனோ அலுமினியக் கலவை. தூய அலுமினியம் உருகுவது 660 டிகிரியில்.

பிஸ்டன் உருகாமல் இருப்பதற்குக் காரணம், நெருப்பு கண்ணிமைக்கும் நேரம்கூட நீடிக்காததும், வந்த சூட்டை உடனுக்குடன் வெளியே கடத்திவிடுவதும்தான். பிஸ்டன் ரிங் வழியாகச் சூடு சிலிண்டர் சுவருக்குப் போகிறது. சுவருக்குப் பின்னால் ஓடும் கூலன்ட் அதை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது. பிஸ்டனின் அடிப்பக்கச் சூட்டை ஆயில் ஏந்திக்கொள்கிறது. இன்ஜினில் விலை குறைந்த சமாச்சாரங்கள் இந்த இரண்டு திரவங்களும்தான். இவற்றைக் கவனிக்காமல் விட்டால், மிக விலை உயர்ந்த பாகங்கள் போய்விடும்.

ஆயிலின் வேலை வழவழப்புத் தருவது மட்டுமல்ல. சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே தலைமுடியைவிட மெல்லிய ஆயில் படலம் நிற்கிறது. அது நிற்கும்வரை உலோகத்தோடு உலோகம் உரசாது. எரிந்த கரியையும் தேய்ந்த துகளையும் சுமந்துபோய் ஃபில்டரில் விடுவதும் ஆயில்தான். அதில் கலந்துள்ள வேதிப்பொருள்கள் நாளாக ஆக வலுவிழக்கும். பிறகு கரி கட்டியாகப் படியும். படிந்தது ஆயில் பாதையை அடைத்தால் பேரிங் பட்டினி கிடக்கும். டர்போ உள்ள வண்டியில் இன்னும் மோசம்: டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்வது ஆயில் படலத்தை நம்பித்தான்.

வண்டி பார்க்கப் போகிறவர் முதல்நாளே விற்பவரிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும்: “நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க.” போனதும் பானெட் மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், ஏற்கெனவே ஒருமுறை ஓடவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். செத்துக்கொண்டிருக்கும் பேட்டரி, டீசல் இன்ஜினின் பழுதான குளோ பிளக், தளர்ந்துபோன டைமிங் செயினின் கடகடப்பு, வால்வு சீல் வழியாக இரவெல்லாம் கசிந்த ஆயில் கக்கும் நீலப் புகை எல்லாம் ஆறிய இன்ஜினின் முதல் சில நொடிகளில்தான் வெளிப்படும். சூடான பிறகு எல்லா இன்ஜினும் நல்ல பிள்ளைதான்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்க வேண்டும். டிப் ஸ்டிக்கில் ஆயில் பொன்னிறமாக இருக்கிறதே என்று மயங்கக் கூடாது, நேற்று மாற்றியிருக்கலாம். மூடியின் அடிப்பக்கத்திலும், திறந்த வாய்க்குள் டார்ச் அடித்தால் தெரியும் உலோகத்திலும் படிந்திருப்பது பல வருஷத்துக் கணக்கு. அதை ஒரே நாளில் துடைக்க முடியாது. லேசான பழுப்பு என்றால் கவலையில்லை. தார் போலக் கட்டியான கறுப்பு என்றால், ஆயில் மாற்றாமலே நெடுநாள் ஓட்டியிருக்கிறார்கள். பால் கலந்த காபி நிறத்தில் குழைவாக இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. குறைந்த தூரமே ஓடும் வண்டியில் மூடியில் மட்டும் அப்படிக் கொஞ்சம் தெரிந்தால் அது ஈரப்பதமாக இருக்கலாம். டிப் ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும்.

அடுத்தது மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்று சொல்லும் சோதனை. இன்ஜின் சூடானபின், ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றிப் பார்ப்பது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் சிலிண்டருக்குள் அடைபட வேண்டிய வாயு கீழே இறங்கி, ஆயில் வாய் வழியாகப் புகையாகக் குபுகுபுவென்று வரும். டீசல் வண்டியில் மெல்லிய ஆவி வருவது சகஜம். மூடியை வெறுமனே மேலே வைத்தால் அது துள்ளி விழுகிறது என்றால் இன்ஜின் வேலை காத்திருக்கிறது.

புகைக்கும் நிறம் உண்டு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் விடாமல் அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது அல்லது காற்று போதவில்லை. மழைக்காலக் காலையில் சில நிமிடம் தெரியும் மெல்லிய வெள்ளை வெறும் நீராவி.

சரி, ‘நாப்பதாயிரம்தான் ஓடியிருக்கு’ என்பது நல்ல செய்தி இல்லையா?

எப்படி ஓடியது என்பதைப் பொறுத்தது. தினமும் பள்ளிக்கூடத்துக்கு மூன்று கிலோமீட்டர் போய், அணைத்து, மறுபடி மூன்று கிலோமீட்டர் திரும்பும் வண்டியை எடுத்துக்கொள்வோம். ஆறிய இன்ஜினுக்கு எரிபொருள் கூடுதலாகப் போகும். எரியாத மிச்சம் ஆயிலில் இறங்கும். எரிப்பில் உண்டாகும் நீராவியும் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகி ஆயிலோடு சேரும். ஆயில் நன்றாகச் சூடேறி அரைமணி நேரம் ஓடினால்தான் அந்த நீர் ஆவியாகி வெளியேறும். மூன்று கிலோமீட்டரில் அதற்கு நேரமில்லை. ‘10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலோ அது’ என்று பல கார்களின் கையேட்டில் இருக்கும். அதில் பாதியை மட்டும் படிப்பவர், எட்டு வருஷத்தில் 40,000 ஓடிய வண்டிக்கு எட்டு முறை மாற்ற வேண்டிய ஆயிலை நான்கு முறைதான் மாற்றியிருப்பார். சேலத்துக்கும் கோவைக்கும் நடுவே நெடுஞ்சாலையிலேயே 1,20,000 ஓடி, ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் ஆயில் மாற்றிய விற்பனைப் பிரதிநிதியின் வண்டி, இதைவிட நல்ல இன்ஜினாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மீட்டரே உண்மை சொல்லாமலும் போகலாம். டிஜிட்டல் மீட்டரைக் குறைத்து வைப்பது இன்று எங்கோ மறைவில் நடக்கும் காரியமில்லை, சர்வசாதாரணம். பிரேக் பெடலின் ரப்பர் மழுங்கியிருக்கிறதா, ஸ்டீயரிங்கின் தோல் வழவழத்துவிட்டதா என்று பார்த்தால் கொஞ்சம் புரியும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரத்தில் தயாரானது. மீட்டர் 25,000 காட்டும் 2017 மாடல் வண்டியில் நான்கு டயரும் 2020-இல் தயாரானவை என்றால், அசல் டயர்கள் எங்கே போயின என்று கேட்க வேண்டியதுதான். எல்லாவற்றையும்விட உறுதியானது கம்பெனி சர்வீஸ் சென்டரின் பதிவு. ஒவ்வொரு முறை வண்டி வந்தபோதும் மீட்டரில் என்ன இருந்தது, எந்தப் பாகம் மாறியது என்பதெல்லாம் அங்கே இருக்கும். வண்டியின் ஜாதகம் என்றால் அதுதான். உரிமையாளரையே அழைத்துப்போய் அதைக் காட்டச் சொல்லலாம்.

கூலன்ட்டுக்கு வருவோம். எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்தும் வேலைக்கு வருகிறது. மிச்சம் வெப்பமாகப் புகைக்குழாயிலும் ரேடியேட்டரிலும் வெளியேறுகிறது. கூலன்ட் என்பது எத்திலீன் கிளைக்காலும் துருத்தடுப்பானும் கலந்த நீர். ரேடியேட்டர் மூடி அதை அழுத்தத்தில் வைத்திருப்பதால் 100 டிகிரியிலும் கொதிக்காது. அதனால்தான் சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் முகத்தில் பீறிடுகிறது. கூலன்ட் குறைந்தது என்று போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் நம்மிடம் அதிகம். அதிலுள்ள உப்பு, பாத்திரத்தில் படிவது போலவே உள்ளே படியும். குழாய்கள் சுருங்கும், வாட்டர் பம்ப் அரிபடும். ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் துருநிறமாக இருந்தால் அதுதான் கதை. டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறியும் ‘இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான்’ என்று ஓட்டினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

வண்டி வெள்ளத்தில் நின்றதா என்றும் பார்க்க வேண்டும். சென்னையில் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் ஏராளமான கார்கள் வெள்ளத்தில் நின்றன. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் மேலேறும் பிஸ்டன் அதில் மோதி கனெக்டிங் ராடு வளையும். மூழ்கிய வண்டியைச் சாவி போடாமல் இழுத்துப்போகச் சொல்வது இதனால்தான். அப்படி மூழ்கிய வண்டிகளில் சில, துடைத்துச் சீராக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியலாம். சீட்டுக்கு அடியிலுள்ள தண்டவாளத்தின் துருவும், தரைவிரிப்பைத் தூக்கினால் வரும் பூஞ்சை வாடையும் மீதியைச் சொல்லும்.

பெட்ரோலா, டீசலா என்ற கேள்விக்கு, லிட்டர் விலையை வைத்துக் கணக்குப் போடுவது போதாது. ஒரு காலத்தில் ஃபியட்டின் 1,248 சி.சி. மல்ட்டிஜெட் டீசல் இன்ஜின், மாருதி ஸ்விஃப்ட் முதல் டாடா விஸ்டா வரை பல பெயர்களில் ஓடியது. டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின், நல்ல மைலேஜ். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசல் கார்களையே நிறுத்திவிட்டது. அதற்குப் பின் வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அது அவ்வப்போது எரித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் புகைவாயு 600 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். கடைவீதிக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வரும் ஓய்வுபெற்ற பெரியப்பாவுக்குப் பி.எஸ்.6 டீசல் வாங்கிக் கொடுத்தால் வடிகட்டி அடைத்து விளக்கு எரியும். அவருக்குச் சின்ன பெட்ரோல் கார் போதும். மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்கு டீசல் சரி.

டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் ஒரே கேள்வி: கடைசியாக எப்போது மாற்றினார்கள்? வால்வுகளும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதாமல் நேரம் காப்பது அந்த ரப்பர் பட்டைதான். பெரும்பாலான இன்ஜின்களில் அது ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை வளைத்துவிடும். அறுவதற்கு முன் சத்தமும் வராது. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ள வேண்டும்.

‘டெல்லி வண்டி, பாதி விலை’ என்ற விளம்பரமும் கண்ணில் படும். டெல்லி வட்டாரத்தில் 10 வருஷம் கடந்த டீசல் வண்டிக்கும் 15 வருஷம் கடந்த பெட்ரோல் வண்டிக்கும் வந்த தடைதான் அந்த மலிவுக்குக் காரணம். என்.ஓ.சி. வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, வரி கட்டி முடித்தபின் விலை பாதியாகவே இருக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

வாங்கியாகிவிட்டதா? விற்றவர் என்ன சொல்லியிருந்தாலும், முதல் வாரத்திலேயே ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. அன்றைய தேதியிலிருந்து புதுக் கணக்கு. ஆயில் கிரேடு கையேட்டில் உள்ளதுதான். 0டபிள்யூ 20 என்று போட்டிருக்கும் இன்ஜினுக்கு, ‘நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டியா இருக்கட்டும்’ என்று 20டபிள்யூ 50 ஊற்றினால், குறுகலான பாதைகளில் அது ஏறச் சிரமப்படும். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் நொடிகளில்தான் தேய்மானம் அதிகம். அப்போதுதான் ஆயில் சீக்கிரம் மேலே போயாக வேண்டும்.

கடைசியாக ஆர்.டி.ஓ. வேலை. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, கடன் இருந்த வண்டியென்றால் படிவம் 35-உம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். பல கை மாறியும் பெயர் மாற்றாமலே ஓடிய ஒரு காரின் விபத்து வழக்கில், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. ஆகவே பெயர் மாற்றத்தில் விற்றவருக்குத்தான் அவசரம் அதிகம் இருக்க வேண்டும். அவர் மெத்தனமாக இருந்தால் வாங்கியவரே இந்தத் தீர்ப்பை எடுத்துச் சொல்லலாம். கையெழுத்து அன்றைக்கே கிடைத்துவிடும்.