திலகவதியார் தாங்கிய உயிர்

வாழ்வதற்கு ஒரு பொருள் வேண்டும் என்பது எல்லார்க்கும் ஒப்ப முடிந்த கருத்து. அப்பொருள் எங்கே கிடைக்கும் என்னும் இடத்தில்தான் கருத்து வேறுபடுகிறது. செல்வத்தில் என்பார் சிலர். சுற்றத்தில் என்பார் சிலர். புகழில் என்பார் சிலர். இவை அனைத்தையும் அடுத்தடுத்து இழந்து நிற்பவருக்கு என்ன விடை? திருநாவுக்கரசர் புராணத்தின் தொடக்கத்தில் சேக்கிழார் பெருமான் காட்டும் நிகழ்ச்சி இவ்விடத்தில் எண்ணத்தக்கது.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனார், மாதினியார் என்பார்க்கு மகளாகத் தோன்றியவர் திலகவதியார். அவருடைய தம்பியார் மருள்நீக்கியார். அவரே பின்னாளில் நாவுக்கரசர் ஆனவர். அரசனிடம் படைத்தலைவராய் விளங்கிய கலிப்பகையாருக்குத் திலகவதியாரை மணம் பேசினர். மணம் நிகழுமுன் கலிப்பகையார் வடபுலப் போருக்கு ஏகினார். அவர் மீளுமுன் புகழனார் நோயுற்று மறைந்தார். மாதினியாரும் கணவரைத் தொடர்ந்து உயிர் நீத்தார். அத்துயர் ஆறுவதற்குள், கலிப்பகையாரும் களத்தில் பட்டார் என்னும் செய்தி வந்தது.

தம்மைப் பெற்றோர் அவருக்கே உரியவராக்கினர். ஆதலின் தம் உயிரும் அவருக்கே உரியது எனத் துணிந்தார் திலகவதியார். உயிர் விட முற்பட்டவர் திருவடிகளில் வீழ்ந்தார் தம்பியார். தாயும் தந்தையும் போன பின்னும் தாம் உயிரோடிருப்பது தமக்கையார் ஒருவரை எண்ணியே என்றும், அவரும் பிரிவாராயின் அவருக்கு முன்னே தாம் போய்விடுவது உறுதி என்றும் அழுதுரைத்தார். திலகவதியார் உயிர் தாங்கினார். அவர் துயரம் அப்போது நீங்கிவிட்டதாகச் சேக்கிழார் கூறவில்லை. இன்பம் ஒன்று கிடைத்து அவர் வாழத் துணிந்தவரல்லர். தம்மை வேண்டி நிற்கும் ஓர் உயிரைக் கண்டு துணிந்தவர்.

இக்காலத்து உளநூலாரும் இதனோடு ஒத்த கருத்தினைக் கூறுவர். வியன்னா நகரத்து மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் (1905–1997), இரண்டாம் உலகப்போரின்போது நாஜிகளின் வதைமுகாம்களில் அடைபட்டவர். பெற்றோரையும் மனைவியையும் உடன்பிறந்தானையும் இழந்தவர். முகாமில் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணிய இருவரைப் பற்றி 1946-இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதியுள்ளார். வாழ்க்கையில் இனி எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்பதே இருவர் கூற்றும். ஆனால் ஒருவருக்கு வேற்று நாட்டில் அன்பு மகவு காத்திருந்தது. மற்றவருக்கு அவரன்றிப் பிறர் முடிக்க இயலாத நூல்வரிசை காத்திருந்தது. நாம் வாழ்விடம் எதிர்பார்ப்பது யாது என்று கேட்பதை விடுத்து, வாழ்வு நம்மிடம் எதிர்பார்ப்பது யாது என்று கேட்கவேண்டும் என்பது அவர் கண்ட முடிபு.

ஆயின் திலகவதியார் வரலாறு இன்னும் ஒரு படி கடினமானது. எவருக்காக உயிர் தாங்கினாரோ அத்தம்பியாரே அவரைப் பிரிந்து போனார். நிலையாமையை எண்ணிய மருள்நீக்கியார் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை அடைந்து, தருமசேனர் என்னும் பெயரோடு அங்கே தலைமையும் பெற்றார். வாழக் காரணமாயிருந்த ஒன்றும் கைவிட்டுப் போன பின் ஒருவர் செய்யத்தக்கது யாது?

திலகவதியார் தம்பியைத் தொடர்ந்து சென்று மன்றாடவில்லை. பழைய துணிவுக்கும் மீளவில்லை. கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். நாள்தோறும் புலர்வதற்கு முன் எழுந்து, திருவலகு கொண்டு கோயிலைப் பெருக்கினார்; ஆன்சாணத்தால் மெழுகினார்; மலர் கொய்து மாலை தொடுத்தார். தம்பியாரை மீட்டருள வேண்டும் என்று இறைவனிடம் விண்ணப்பம் செய்தார். விண்ணப்பத்திற்கு விடை வரும்வரை அலகு ஓய்ந்திருக்கவில்லை என்பதே இங்கு நோக்கத்தக்கது. மனம் பெரிய விடையைத் தேடித் தவிக்கும்போது, கை செய்யக்கூடிய சிறு பணி அன்றைய பொழுதை ஏந்திக்கொள்கிறது.

சூலைநோயால் வருந்திய தருமசேனர் சமையற்காரன் ஒருவனை அனுப்பியபோது, அப்பள்ளிக்குத் தாம் வருவதில்லை என மறுத்தார் அம்மையார். அன்பு மிக்கவர் கூறிய கடுஞ்சொல் அது. தம்பியாரே இரவோடிரவாக அதிகைக்கு வந்து அடிபணிந்தார். அவரைத் தேற்றித் திருநீறு அளித்தார் தமக்கையார். அன்றும் புலரியில் அலகும் மெழுகும் தோண்டியும் எடுத்துக்கொண்டே கோயிலுக்குச் சென்றார். தம்பியாரையும் உடன் அழைத்துச் சென்றார். அங்கேதான் முதற்பதிகம் பிறந்தது.

அறுபத்துமூவர் வரிசையில் திலகவதியார் பெயர் இல்லை. எனினும், பின்னாளில் நாவுக்கரசர் தலந்தோறும் உழவாரப் படையைக் கையில் ஏந்தித் திருவீதிப் புல்லைச் செதுக்கினார். அதற்கு முன்பே அதிகையில் ஒரு திருவலகு பன்னெடுநாள் ஓயாது இயங்கியிருந்தது.