யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டில் பாலினச் சமத்துவம்

யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டில் பாலினச் சமத்துவம் என்பது, நோய்த்தடுப்பு மருந்தும் நோயுற்றோருக்கான பராமரிப்பும் ஆண், பெண் இருபாலாருக்கும் அவரவர் தேவைக்கேற்பக் கிடைப்பதைக் குறிக்கும். உலக சுகாதார அமைப்பு புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் என வகைப்படுத்தியவற்றுள் யானைக்கால் நோயும் ஒன்றாகும்.

பின்னணி

இந்தியாவில் இந்நோய் பெரும்பாலும் வுச்செரேரியா பான்கிராப்டி என்னும் உருளைப்புழுவால் உண்டாகிறது. தேங்கிய கழிவுநீரில் பெருகும் கியூலெக்சு கொசுக்கள் இதனைப் பரப்புகின்றன. 1975 இல் நிறுவப்பட்ட, புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் 1981 முதல் 1985 வரை அந்நகரில் ஒருங்கிணைந்த கொசு ஒழிப்பு முறையைச் செயல்படுத்தியது. 2004 இல் இந்திய அரசு, நோய் பரவியுள்ள பகுதிகளில் ஆண்டுக்கு ஒருமுறை டி.ஈ.சி. மாத்திரை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அல்பெண்டசோல் சேர்க்கப்பட்டது.

இருபாலாரிடமும் தாக்கம்

உலகில் ஏறத்தாழ 2.5 கோடி ஆண்கள் விரைவீக்கத்தாலும், 1.5 கோடிக்கும் மேற்பட்டோர் நிணநீர் வீக்கத்தாலும் துன்புறுவதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. விரைவீக்கத்தை அறுவை மருத்துவத்தால் சரிசெய்ய இயலும். ஆயினும் வெட்கத்தால் பலர் அதனை மறைக்கின்றனர். கால் வீக்கத்திற்கு நாள்தோறும் கழுவுதல், உலர்த்துதல், காலை உயர்த்தி வைத்தல் ஆகியன வாழ்நாள் முழுவதும் தேவை. பெண்களுக்கு இது திருமணத் தடையாகவும் அமைகிறது. வீட்டில் பிறரைப் பராமரிக்கும் பெண்ணே நோயுறும்போது, அவளுடைய பராமரிப்பு பின்தள்ளப்படுகிறது.

மருந்து வழங்கலில் விடுபடுவோர்

கருவுற்ற பெண்கள், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கடும் நோயாளிகள் ஆகியோருக்கு இம்மாத்திரைகள் வழங்கப்படுவதில்லை. 2018 முதல் இந்தியாவின் சில மாவட்டங்களில் ஐவர்மெக்டினும் சேர்க்கப்பட்டது; இதனை மகப்பேற்றுக்குப் பின் முதல் வாரத்திலுள்ள தாய்மாருக்கும் தருவதில்லை. இவ்விலக்கு பாதுகாப்புக்கானது. எனினும், பின்னர் அவர்களைத் தேடி மருந்து தராவிடில் அடுத்தடுத்த கருவுறுதல்களால் ஒரு பெண் பல ஆண்டுகள் விடுபடக்கூடும். மேலும், குடும்பத்தார் முன்னிலையில் ஓர் ஆண் பணியாளர் கருவுற்றிருக்கிறீர்களா என வினவினால், பெண்கள் உண்மை கூறத் தயங்குவர்.

வில்லியனூர், பாகூர் போன்ற கொம்யூன்களின் சிற்றூர்களில் பகல் வேளையில் வீடுவீடாகச் சென்றால், வயலுக்கோ தொழிற்பேட்டைக்கோ சென்றவர்கள் விடுபட வாய்ப்புண்டு. எனவே மாலை நேர வழங்கலும் பெண் பணியாளர்களும் தேவைப்படுகின்றனர்.

விலக்கு விதிகள் மாறக்கூடியவை. நத்தை வழிப் பரவும் சிசுடோசோமியாசிசு நோய்க்கான பிரசிகுவாண்டெல் மருந்தைக் கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வழங்கலாம் என 2002 இல் உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் கலந்தாய்வு பரிந்துரைத்தது.

புள்ளிவிவரங்களின் பங்கு

மொத்த மக்கள்தொகையில் குறைந்தது 65 விழுக்காட்டினர் மருந்தை உட்கொள்ள வேண்டும் என்பது இலக்கு. எடுத்துக்காட்டாக, 500 ஆண்களும் 500 பெண்களும் உள்ள ஓர் ஊரில் 400 பெண்களும் 250 ஆண்களும் மட்டுமே மருந்து உட்கொண்டாலும் 65 விழுக்காடு எட்டப்பட்டுவிடும். ஆண்களில் பாதிப்பேர் விடுபட்டது மொத்தக் கணக்கில் தெரியாது. விடுபட்டோரின் குருதியில் நுண்புழுக்கள் இருப்பின் பரவல் தொடரும். ஆகவே பால், அகவை வாரியாகக் கணக்கெடுப்பது இன்றியமையாதது.

ஒழிப்புக்குப் பின்

பொதுநலச் சிக்கல் என்ற நிலையிலிருந்து இலங்கையில் யானைக்கால் நோய் ஒழிக்கப்பட்டதாக 2016 இல் உலக சுகாதார அமைப்பு ஏற்றது. பரவல் தடுக்கப்பட்டாலும் முன்பே வீங்கிய கால் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. மருந்து வழங்கல் நின்ற பின்னரும் நோயுற்றோருக்கான பராமரிப்பு தொடர வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* யானைக்கால் நோய்
* கொசு
* புதுச்சேரி