கடல் சரியில்லை என்றவர்

மார்கழி மாதத்தில் அந்தமானுக்குப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், அங்கே கடிகாரம் நம்முடையதாகவும் சூரியன் வேறு யாருடையதோ போலவும் இருப்பதுதான். சென்னைக்குக் கிழக்கே ஏறக்குறைய 1,350 கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் அத்தீவுகளிலும் இந்திய நேரமே அமலில் இருப்பதால், மாலை ஐந்து மணிக்கெல்லாம் அங்கே பகல் முடிந்துவிடுகிறது. தீவுக்குத் தீவு போகும் படகுகளும் அதற்கு முன்பே ஓய்ந்துவிடுகின்றன. ஆகவே அங்கே ஒரு படகைத் தவறவிட்டவருக்கு, அடுத்த தீவில் முன்பணம் கட்டி வைத்த அறையும், மறுநாளைய படகும், போதாக்குறைக்கு ஊர் திரும்பும் விமானமுங்கூட வரிசையாகக் கைநழுவிப் போய்விடக்கூடும்.

நானும் என் பால்ய நண்பர் ஒருவரும் ஓய்வாகச் சில நாள் கடற்கரையில் கிடந்துவிட்டு வரலாம் என்ற ஒரே உத்தேசத்துடன் அங்கே போயிருந்தோம். நண்பர் கருவூலத்தில் முப்பது வருஷம் கணக்கெழுதியவர்; டீக்கடைச் சீட்டைக்கூடக் கிழித்தெறியாமல் சட்டைப் பையில் மடித்து வைக்கும் சுபாவம். ஹேவ்லாக்கில் மூன்று நாள், நீல் தீவில் இரண்டு நாள் என்பது ஏற்பாடு. (2018-இல் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும், நீல் ஷஹீத் தீவாகவும், 2024-இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரமாகவும் பெயர் மாறிவிட்டன, ஆயினும் படகுக்காரர் வாயில் பழைய பெயர்களே வழங்குவதால், பிராது எழுத நேர்ந்தால் டிக்கெட்டில் உள்ள பெயரையே எழுதுவது உத்தமம்.)

நான்காம் நாள் காலை ஹேவ்லாக் ஜெட்டியில், நாங்கள் பணம் கட்டியிருந்த கம்பெனியின் இளைஞர், நல்ல தமிழிலேயே, "அண்ணே, கடல் சரியில்ல, இன்னைக்குப் போட் இல்ல" என்றார். அவர் சொல்லி முடிக்குமுன், அவருக்குப் பின்னால் வேறொரு கம்பெனியின் படகு அதே நீல் தீவுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. நண்பர் சற்றும் கோபப்படாமல், "தம்பி, கடல் சரியில்லன்னு துறைமுகத்துல சொன்னாங்களா, உங்க ஆபீஸ்ல சொன்னாங்களா?" என்று கேட்டார். இளைஞர் பதில் சொல்லாமல் செல்பேசியைப் பார்க்கத் தொடங்கினார். அன்றைய படகுக்குப் பதினோரு டிக்கெட்தான் விற்றிருந்தது என்பதைப் பின்னர் ஒரு சுமைதூக்கி சிரித்துக்கொண்டே சொன்னார். நண்பர், காரணத்தை எழுத்தில் தரும்படி கேட்டு, அது மறுக்கப்பட்டதும், புறப்படும் மற்றப் படகையும் ஜெட்டியின் கடிகாரத்தையும் ஒரே படத்தில் அடங்குமாறு பிடித்து வைத்துக்கொண்டார். எனக்கு அப்பொழுது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

இங்கேதான் பிரயாணிகளில் பெரும்பாலோர் உரிமையை விட்டுவிடுகிறார்கள். சமுத்திரத்தின் சீற்றத்துக்கு எந்த நியாயஸ்தலத்திலும் பரிகாரம் கிடையாது. துறைமுக அதிகாரிகளே புயலை முன்னிட்டுப் படகுகளை நிறுத்தினால், வீணான நாளுக்கு நஷ்ட ஈடு கேட்பது வீண் முயற்சி. ஆனால் நஷ்ட ஈடு வேறு, கட்டின பணம் வேறு: செய்யாத சேவைக்கு வாங்கிய கட்டணம் புயலிலும் திரும்பி வந்தாக வேண்டும். மனிதர் தம் லாபத்துக்காக நிறுத்திவிட்டுப் பழியைக் கடல்மேல் போடும்பொழுது, அது 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் சேவைக் குறைபாடாகிவிடுகிறது. விமானத்துக்கும் ஏறத்தாழ இதே நியாயந்தான். வானிலையால் ரத்தானால் பணமோ மாற்று விமானமோ உண்டு, நஷ்ட ஈடு இல்லை; கம்பெனியின் காரணத்தால், உரிய காலத்தில் அறிவிக்காமல் ரத்தானால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாய் வரை வரம்பிட்ட நஷ்ட ஈடும் விதிகளில் உண்டு. படகுக்கு அப்படி ஒரு பட்டியல் நம் கையில் இல்லாததால், சாட்சியமே நமக்குப் பலம்.

பரிகாரம் தேடும் வழி அஞ்சியதைவிடச் சுலபமாகவே இருந்தது. முதலில் விற்றவருக்கு எழுத்தில் ஒரு கடிதம்; இணையத்தில் டிக்கெட் விற்றவராயின் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க அவர் கடமைப்பட்டவர். அதில் பலனில்லையேல் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம். அதற்கும் மசியாதவருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். பழைய சட்டத்தில், எதிராளி இருக்கும் ஊருக்கோ சம்பவம் நடந்த ஊருக்கோ போய் வழக்காட வேண்டியிருந்ததால், தீவில் ஏமாந்தவர் தலைவிதியை நொந்துகொண்டு சும்மா இருந்துவிடுவார். புதிய சட்டத்தின்படி, பிராது செய்கிறவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரையில் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, வழக்கிடக் கெடு இரண்டு வருஷம். எங்கள் விஷயம் ஆணையம் வரை போகவில்லை. 1915-க்குப் பேசிய சில வாரங்களில், அந்தப் புகைப்படத்தையும் ரசீதையும் பார்த்துவிட்டுப் பணத்தைத் திருப்பிவிட்டார்கள்.

பணம் திரும்பி வரும். உயிர் வராது என்பதால் மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 2014 ஜனவரி 26-ஆம் தேதி, போர்ட் பிளேருக்கு அருகே ராஸ் தீவுக்கும் நார்த் பே கடற்கரைக்கும் இடையே உல்லாசப் படகொன்று கவிழ்ந்து 21 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் நம் காஞ்சிபுரத்திலிருந்து சுற்றுலாப் போனவர்கள். சுமார் 25 பேரைக் கொள்ளும் படகில் நாற்பதுக்கு மேற்பட்டோர் ஏறியிருந்தனர். கரை கண்ணுக்கெட்டும் தூரந்தான். கவிழ்ந்தது புயலிலும் இல்லை. ஏறுமுன் படகில் எழுதியிருக்கும் ஆள் கணக்கைப் படிக்கவும், எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்கவும், இல்லையென்றால் ஏற மறுத்துக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554.

ஸ்கூபாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீந்தத் தெரியாதவரையும் பயிற்சியாளர் ஒருவர் பிடித்து ஆழத்துக்கு அழைத்துப் போகிறார், நல்ல அனுபவந்தான். அதற்கு முன் நீட்டப்படும் படிவத்தில் ஆஸ்துமா, இருதய நோய், காது வலி முதலியவற்றுக்கெதிரே கடைப்பையனே "இல்லை" என்று வரிசையாகக் குறித்து வைத்திருப்பான். நண்பர் அதை அடித்துத் திருத்தித் தம் காதின் பழைய வியாதியை எழுதியதால் கரையிலேயே உட்கார நேர்ந்தது. எது நேர்ந்தாலும் தங்களுக்குப் பொறுப்பில்லை என்ற வரியில் கையெழுத்திட்டுவிட்டோமே என்று பின்னால் மயங்க வேண்டாம். அலட்சியத்தால் நேரும் தீங்கைக் கேள்வி கேட்கும் உரிமையை அது அடியோடு அழித்துவிடாது. மூழ்கியவர் உடனே விமானம் ஏறலாகாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்: ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், உயரத்தில் அழுத்தம் குறைந்ததும் குமிழியாகக் கிளம்பிவிடும். ஒரு முறை மூழ்கினால் 12 மணி நேரமும், பல முறையானால் 18 மணி நேரமும் தரையில் இருப்பது வழக்கம். எனவே கடைசி நாளுக்கு இதை ஒதுக்கலாகாது.

கரையோரத்திலும் கவனம் வேண்டும். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரையை ஒட்டிய பகுதியில் 2010-இல் அமெரிக்கப் பெண்ணொருவரை உப்புநீர் முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகைகளை அலங்காரமாகக் கருத வேண்டாம். கரையில் கிடக்கும் பவளத் துண்டை ஊருக்கு எடுத்து வருவதும், பாராடாங் தீவுக்குப் போகும் வழியில் ஜாரவா பழங்குடி மக்களைப் படம் பிடிப்பதும் சிறைக்குரிய குற்றங்கள்.

ஊர் திரும்புவதற்கு முதல் நாள், நார்த் பே போகும் படகில் நான் ஒரு காலை வைத்துவிட்டேன். நண்பர் ஜெட்டியில் நின்றபடியே, கருவூலத்துப் பழக்கத்தில் விரல் விட்டு எண்ணி, "தலை இருபத்திரண்டு, ஜாக்கெட் பதினாறு, நீ இறங்கு" என்றார். படகோட்டி மூன்று பாஷைகளில் எங்களை வைதுவிட்டு, எஞ்சினை முடுக்கிக்கொண்டு போனான். நாங்கள் நிழலில் இளநீர் குடித்தபடி அடுத்த படகுக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அது வந்ததும் நண்பர் மறுபடியும் எண்ணத் தொடங்கினார்.