மங்கு எங்கே இருக்கிறது?

"தம்பி, இன்னிக்கு ராத்திரி சூரியக் கதிர் தாக்குமாம். கைப்பேசியை அடைச்சு வைக்கணுமாம். பேரப்பிள்ளைங்க தூங்குற வீடு, பயமா இருக்கு."

நேரலையில் அழைத்தவர் நெகிரி செம்பிலானில் ரந்தாவ் பக்கத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற அம்மா. அடிக்கடி வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய புரளிதான் அது. "பொய்" என்று முடித்திருக்கலாம். பயந்தவருக்கு அது போதாதே!

"அம்மா, வெட்டிய பால் எப்படி வடியும்?"

"கோட்டோட சாய்வா ஓடி மங்குல விழும்."

சூரியனிலும் ஏறக்குறைய அதே கதைதான். அங்கே வெடிப்பு நிகழும்போது புரோட்டான், எலக்ட்ரான் துகள்கள் சீறிக் கிளம்பும். மின்னூட்டம் கொண்டவை என்பதால் நினைத்த பக்கம் பாய முடியாது. காந்தக் கோடுகளைப் பற்றித்தான் ஓடும். அக்கோடுகளோ வளைந்தவை. சூரியக் காற்று அவற்றை வெளியே இழுக்க, சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது. சுழன்றபடி நீர் தெளிக்கும் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். இதை 1958இல் கணித்தவர் யூஜின் பார்க்கர்.

அதனால், சூரியனின் மேற்குப் பகுதியில் வெடித்தால் துகள்கள் நம் பக்கம் வர வாய்ப்பு அதிகம். ஒளி வந்துசேர எட்டு நிமிடம். அதிவேகத் துகள்களுக்குச் சில பத்து நிமிடங்கள்.

"மழை பெய்தால் என்னாகும் அம்மா?"

"கோட்டை விட்டுப் பட்டையெல்லாம் வழிஞ்சிடும்."

விண்வெளியிலும் காந்தக் கொந்தளிப்பு துகள்களைச் சிதறடிக்கும். பக்கத்துக் கோடுகளுக்கும் அவை பரவும். முன்கூட்டிச் சொல்வது கடினமாவது அதனால்தான்.

ஆபத்து யாருக்கு? 1972 ஆகஸ்டில் பெரும் சூரியப் புயல் வீசியது. அப்போலோ 16 ஏப்ரலில் திரும்பிவிட்டது. 17 டிசம்பரில்தான் கிளம்பியது. இடையில் யாரும் நிலவில் இல்லாதது அதிர்ஷ்டம். இருந்திருந்தால் கதிர்வீச்சு அவர்களைக் கடுமையாகப் பாதித்திருக்கும்.

இன்று இத்துகள்களை அளக்கும் விண்கலங்களுள் ஒன்று, 2023 செப்டம்பர் 2இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஆதித்யா எல்-1. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறது. அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி.

நமக்கோ இரண்டு கவசங்கள். பூமியின் காந்தப்புலம் பெரும்பாலான துகள்களைத் தடுக்கும். நுழைபவற்றையும் துருவங்கள் பக்கமே திருப்பும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு அருகில். மிச்சத்தை வளிமண்டலம் பார்த்துக்கொள்ளும். கைப்பேசியை அடைத்தாலும் திறந்தாலும் ஒன்றுதான்.

எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார்: "அப்ப மங்கு நம்ம வீட்டுல இல்லேன்னு சொல்லு தம்பி."

அதேதான் அம்மா. நிம்மதியாகத் தூங்குங்கள்.