கையும் நீரும் – 7: வாசலில் வைத்த தொட்டி

சென்ற வாரம் மலாய் விருந்துகளில் பந்திக்கு வரும் கைகழுவும் கெண்டியைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் பல்கலைக்கழக மாணவர்கள் கைகழுவும் வழக்கத்தைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன்.

கெடா மாநிலத்து மெர்கோங்கிலிருந்து வடக்கே போனால் சிந்தோக்கில் வட மலேசியப் பல்கலைக்கழகம். தெற்கே போனால் செமிலிங்கில், 2001-இல் தொடங்கப்பெற்ற எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம். இரண்டிலும் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். கிருமி எது, அது பரவும் மார்க்கம் எது என்று கேட்டால் பிழையின்றி விடை சொல்லும் மாணவன்கூட, உண்ணுமுன் விரல் நுனிகளை நீரில் நனைத்துக்கொள்வதோடு திருப்தியடைந்துவிட்டு, உண்டபின் குழம்பின் வாசனை போகும்பொருட்டே சோப்பைத் தேடுகிறான். ஞானத்தைவிட அப்பியாசம் குறைவு என்பதும், இவ்விஷயத்தில் பெண்களுக்கே சிரத்தை அதிகம் என்பதும் பல நாட்டு ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவுகள்.

ஆனால் இந்த வாரம் என் மனத்தைப் பற்றிக்கொண்டு விடாதவர்கள் வேறு மாணவர்கள். வியன்னா நகரத்து வைத்திய மாணவர்கள். அந்நகரின் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதிகள் இரண்டு இருந்தன. முதலாவதில் வைத்திய மாணவர்கள் பயின்றார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். 1846-இல் முதற்பகுதியில் நூற்றுக்கு 11.4 தாய்மாரும் இரண்டாவதில் 2.8 தாய்மாரும் மாண்டார்கள். முதற்பகுதியில் சேர்க்க வேண்டாமென்று கர்ப்பிணிகள் மண்டியிட்டுக் கெஞ்சினார்களாம். 1847 மார்ச்சில், பிரேத பரிசோதனையின்போது ஒரு மாணவனின் கத்தி பட்டுப் பேராசிரியர் கொலெட்ச்கா இறந்தார். அவருடைய உடலிற் கண்ட சின்னங்கள் பிரசவ ஜுரத்தால் இறந்த தாய்மாரிடம் கண்டவற்றையே ஒத்திருக்கக் கண்ட அவர் நண்பரும் முதற்பகுதி வைத்தியருமான செம்மல்வைஸ், பிணவறையிலிருந்து நேரே பிரசவ அறைக்குப் போகும் மாணவர் கரங்களே யமதூதர்கள் என்று தெளிந்தார். சோப்பிட்டுக் கழுவியும் பிணநாற்றம் போகாததால், நாற்றத்தைப் போக்கும் குளோரின் சுண்ணாம்பு நீரைத் தொட்டியில் வைத்து, அதிற் கழுவாமல் ஒருவரும் உள்ளே போகலாகாது என்று மே மாதத்தில் கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18.3 ஆயிருந்த சாவு ஜூலையில் 1.2 ஆயிற்று. அந்த மாணவர்களில் ஒருவனுக்கும் கிருமியைப் பற்றித் தெரியாது. அந்த விஞ்ஞானமே பின்னால் வந்ததுதான். அறியாமலே கழுவினார்கள், தாய்மார் பிழைத்தார்கள். அறிந்தும் கழுவாதவர்கள் நம் காலத்தவர்.

கெடாத் தோட்டங்களிற் பால்மரம் வெட்டியவர்களுக்கு, அறிந்தும் கழுவாததன் காரணம் எளிதில் விளங்கும். கையில் ஒட்டிய ரப்பர்ப்பால் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே உரித்தெடுத்துக் கழுவிய பிறகே சோற்றைத் தொட்டார்கள். கண்ணும் மூக்கும் சாட்சி சொல்லாத அழுக்கைக் கழுவ வேண்டுமானால், போகிற வழியிலேயே நீரும் சோப்பும் இருக்க வேண்டும்.

இடம் முடிந்துவிட்டது, மாணவர் விடுதிகளின் சமாசாரம் அடுத்த வாரத்துக்கு. அதற்குள், உணவுச்சாலை நடத்துவோரிடம் ஒரு விண்ணப்பம்: சுவரில் ஒட்டிய அறிவிப்புகள் போதும், கைகழுவும் தொட்டியை மூலையிலிருந்து வாசலுக்குக் கொண்டுவந்து, சோப்புத் தீராமற் பார்த்துக்கொள்ளுங்கள்.