ஆடத் தெரிந்தவர் பேசவும் வேண்டும்

கபடியில் பாடிச் செல்பவரின் மூச்சு அறுந்து பாட்டு நின்றுவிட்டால், எவரும் தொடாமலேயே அவர் ஆட்டமிழக்கிறார். கைப்பந்தாட்டத்தில் இருவருக்கிடையே வரும் பந்தை 'எனக்கு' என்று ஒருவர் குரல் கொடுக்காவிடின், இருவரும் பார்த்திருக்கப் பந்து தரையில் விழுகிறது. ஆடுகளத்தில் பேச்சும் ஆட்டத்தின் பகுதியே அன்றோ? ஆயினும், அங்கே முழங்கும் நம் நண்பர் பலர், நேர்முகத் தேர்வு அறையில் வாயடைத்து நிற்கின்றனர்.

காரணம் அறிவுக் குறைவன்று. காலையும் மாலையும் மைதானத்தில் கழிகின்றன. பயிற்சியாளர் சொல்லக் கேட்டுப் பழகியவர்க்குத் தாமே எடுத்துச் சொல்லும் பழக்கம் வாய்ப்பதில்லை. அயல் மாநிலத்தில் பயிலும் நமக்கோ, இந்தியில் பிழை வருமோ, ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிப்பரோ என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. தயங்குபவர் கேட்பதில்லை; கேளாதவர்க்கு வழிகள் தெரிவதில்லை.

ஒரு சான்று காண்போம். மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு ஒதுக்கீடு உண்டு. நாட்டிற்காக ஆடியவர் மட்டுமல்லர்; பல்கலைக் கழகங்களுக்கிடையேயான போட்டிகளில் தம் பல்கலைக் கழகத்தின் சார்பில் ஆடியவரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால், அவரது ஆட்டம் அரசு ஏற்றுள்ள பட்டியலில் இருத்தல் வேண்டும். 'படிவம் 3' என்னும் சான்றிதழில் பல்கலைக் கழக விளையாட்டுத் துறைத் தலைவர் தாமே கையெழுத்திட வேண்டும். ஊர் திரும்பியபின் இதற்காக அலைவதினும், போட்டி முடிந்த பருவத்திலேயே கேட்டுப் பெறுவது நன்று.

பயிற்சியாளராக விரும்புவோர்க்குப் பாட்டியாலாவில் 1961இல் தோன்றிய தேசிய விளையாட்டுக் கழகம் பட்டயப் படிப்பு நடத்துகிறது. உடற்கல்வி பயில, 1957இல் தொடங்கிய குவாலியர் நிறுவனம் இருக்கிறது. நடுவர் பணி, விளையாட்டு உடலியல், ஊட்டச்சத்து எனப் பிற துறைகளும் உள. ஆடும் ஆண்டுகள் சில. ஆட்டத்தைச் சார்ந்து வாழத்தக்க ஆண்டுகள் பல.

பேசும் முறையோ கடினமன்று. ஆய்வுக் கூடத்தில் நாங்கள் சோதனையை விளக்கும் முறையே போதும்: நிலைமை யாது, செய்தது யாது, விளைந்தது யாது? "நான் கபடி அணித் தலைவன்" என்று நிறுத்திவிட்டால் கேட்பவர்க்கு ஒன்றும் விளங்காது. "இடைவேளையில் ஆறு புள்ளிகள் பின்தங்கியிருந்தோம், பாடிச் செல்வோரின் வரிசையை மாற்றினேன், இறுதியில் சமன் செய்தோம்" என்றால், அவரது தலைமைத் திறம் மூன்று தொடரில் விளங்கிவிடும்.

நம் சங்கம் வாரம் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். ஆட்டக்காரர் முதலில் தமிழில் ஐந்து நிமிடம் பேசட்டும். பின்பு அதையே ஆங்கிலத்திலோ இந்தியிலோ சொல்லட்டும். மற்றையோர் தேர்வாளராக அமர்ந்து வினவட்டும். பிழை நேரின் திருத்துவோம், சிரியோம். களத்தில் அவர்களுக்காகக் கைதட்டும் நாம், களத்திற்கு வெளியேயும் துணை நிற்பது கடமையாகும்.